ஆடி முதல் ஞாயிற்றுச் சந்தை

மலிவாகக் கல்யாண மண்டபம் வேண்டுமென்றால் ஆடி மாதத்தில்தான் போய்க் கேட்க வேண்டும். மற்ற மாதங்களில் முகம் கொடுத்துப் பேசாத மேனேஜர், ஆடி பிறந்துவிட்டால் நாற்காலியைத் தானே துடைத்துப் போட்டு, காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார். வாடகையைப் பாதியாகக் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். உங்கள் வீட்டில் ஏதாவது விசேஷம் வந்து, ஆடி என்றெல்லாம் பார்க்காத ஆளாக நீங்கள் இருந்தால், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா.

நடந்ததை முதலிலிருந்து உங்கள் கையாலேயே எழுதுங்கள் என்று காகிதமும் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். முதல் என்றால் மண்டபம்தான் முதல். எமில்டா கொடுத்த புகாரையும் வாசித்துக் காட்டினீர்கள். அதில் இருப்பதெல்லாம் சரி. அவள் பொய் சொல்லத் தெரியாத பெண். ஒரே ஒரு இடம்தான் தப்பு. அவள் புருஷன் கிளாட்வின் கடலில் கிடந்து திரும்பத் திரும்ப என்னைக் கூப்பிட்டிருப்பான் என்கிறாள். அப்படிக் கத்துகிற ஆள் இல்லை அவன். ஒரு தடவைதான் கூப்பிட்டான். அதைத் திருத்த வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விவரமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் சங்கரபாண்டியன். பிறந்தது ஆழ்வார்திருநகரிப் பக்கம், ஆற்றுத் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். தூத்துக்குடியில் சரக்கு ஏஜென்ட் ஒருவரிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எங்கள் ஹாம் ரேடியோ சங்கத்துக்கு நான்தான் செயலாளர். ஹாம் என்றால் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோவில் ஊர் உலகத்தோடு பேசுகிறவர்கள். இதில் ஒரு பைசா வருமானம் கிடையாது. புயல், வெள்ளம் என்று வந்து செல்போன் செத்துவிட்டால் மட்டும் எல்லாரும் எங்களைத் தேடுவார்கள். மற்ற நாட்களில் எங்கள் வீட்டிலேயே எங்களைத் தேடுவதில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை சந்தை போடுவோம். அவரவர் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பழைய செட், மீட்டர், வயர், ஆண்டெனா எல்லாவற்றையும் கொண்டுவந்து மேஜையில் பரப்பி, விற்பதும் மாற்றிக்கொள்வதுமாக ஒரு பகல் போகும். "எல்லாவற்றையும் ஒழித்துவிட்டு வருகிறேன்" என்று மனைவியிடம் சத்தியம் செய்துவிட்டு வந்து, இரண்டு மடங்கு சுமையோடு திரும்பிப் போவதுதான் வழக்கம். கோவில்பட்டியிலிருந்து வரும் ஒரு பவர் சப்ளை பெட்டி இருக்கிறது. ஒவ்வொரு சந்தையிலும் அதை ஒருவர் வாங்குவார். அடுத்த சந்தையில் அவரே அதைத் தூக்கி வந்து இன்னொருவர் தலையில் கட்டுவார். அது போகாத வீடு இந்த மாவட்டத்தில் இல்லை. வேலை செய்த வீடும் இல்லை.

இதற்கு நாள் பார்ப்பது இருக்கிறதே, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கஷ்டம். ஆவணியில் முகூர்த்தம், மண்டபம் கிடைக்காது. புரட்டாசியில் பிரியாணி போட்டால் பாதிப் பேர் இலையைத் தொட மாட்டார்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை. ஆடியிலும் பனிமய மாதா கோயிலில் கொடியேறிவிட்டால் ஊரே அந்தப் பக்கம் போய்விடும். ஆக, ஆடி பிறந்து கொடியேறுவதற்கு முன்னால் வருகிற அந்த ஒரு ஞாயிறுதான் எங்களுக்கு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மண்டபத்துக்குள் காற்றடித்தால் என்ன அடிக்காவிட்டால் என்ன என்று நான் நினைத்தேன்.

வந்து சேருகிறவர்களின் பாட்டைக் கேட்டால் இன்னும் பாவம். ஆண்டெனாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால், "அண்ணாச்சி, இதுக்கு லக்கேஜ் போடவா, ஆள் டிக்கெட்டே போட்டுரவா?" என்று கேட்பார் கண்டக்டர். ஒரு தடவை தென்காசியிலிருந்து பேட்டரியும் வயருமாகப் பை கொண்டுவந்த ஒருவரை வழியில் உங்கள் துறைக்காரர் இறக்கி, இது வெடிக்குமா என்று கேட்டிருக்கிறார். நம்முடைய ஆள் நேர்மையாக, "ஒழுங்கா பத்தவைக்கலன்னா எப்ப வேணும்னாலும் வெடிக்கும் சார்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது வயரை ஈயத்தால் பற்றவைக்கிற சால்டரிங் பற்றி. அவரை விட்டபோது சந்தை முடிந்து நாங்கள் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தோம்.

மண்டபத்து வாட்ச்மேன் சுடலைக்கண்ணன் இருக்கிறானே, அவனுக்கு வாசலில் ஆள் நுழைந்தால் கை தானாகப் பன்னீர்ச் செம்புக்குப் போய்விடும். "பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவருடைய திறந்து கிடந்த செட்டின்மேல் தெளித்துவிட்டான். அந்த செட் இன்றைக்கும் மணக்கிறது. பேசத்தான் மாட்டேன் என்கிறது.

போன வருஷம் கூட்டமே வரவில்லை. வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மதுரைக்காரர் ஒருவர் காலி நாற்காலிகளைப் படம் எடுத்து, "தூத்துக்குடியில் நாற்காலி சந்தை, விலை மலிவு" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவமானமாக இருந்தது.

இந்த வருஷம் மாநிலக் குழுவில் ஒரு முடிவு எடுத்தார்கள். இனித் தென்மாவட்டங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பெரிய சந்தை. அதை நிரந்தரமாக மதுரைக்குக் கொடுப்பதா, தூத்துக்குடிக்குக் கொடுப்பதா என்று நேரில் பார்த்துச் சொல்வதற்குக் கோயம்புத்தூரிலிருந்து பானுப்ரியா என்ற அம்மாள் வருவதாக ஏற்பாடு. எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. வீடு, நகை, பேர், எதற்கும் நான் ஆசைப்பட்டவன் இல்லை. சந்தை இந்த ஊரில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கேதான் கம்பம் வருகிறது. எங்களில் ஒருவர் இறந்துவிட்டால், அவருடைய சாமான்களை வீட்டார் சங்கத்திடம் கொடுப்பார்கள். நாங்கள் சந்தையில் ஏலம் விட்டு அந்த வீட்டுக்கே பணத்தைக் கொடுத்துவிடுவோம். திருச்செந்தூருக்கு அந்தப் பக்கம் மணப்பாட்டில், கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்த ஒருவர் போன வருஷம் தவறிப்போனார். அவர் வீட்டு மாடியில் ஓர் அலுமினிய ஆண்டெனா கம்பம் நின்றது. ஒட்டுப்போடாத ஒரே கம்பம், தென்னை மர உயரம். மதுரைக்காரர்களுக்கு அதன்மேல் ரொம்ப நாளாகக் கண். அதை என் மண்டபத்தில் ஏலம் விட்டால் மதுரையே வந்து என் நாற்காலியில் உட்காரும் என்று எனக்குத் தெரியும்.

அவருடைய மனைவி பிளாரன்ஸ் டீச்சர் தருவதாகச் சொன்னார். ஆனால் அவருக்கான ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்த பிறகுதான் கம்பத்தை இறக்க விடுவேன் என்றார். திருப்பலி சனிக்கிழமை சாயங்காலம். சந்தை ஞாயிறு. அவ்வளவு நீளக் கம்பத்தை ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூர்ச் சாலையில், கோயிலுக்கு வருகிற கூட்டத்துக்கு நடுவில், எந்த லாரிக்காரனும் ஏற்ற மாட்டேன் என்றான். கடல் வழிதான் மிச்சம்.

கிளாட்வின் இந்த ஊர்க் கடற்கரையில் திரேஸ்புரத்துப் பையன். பையன் என்றா சொன்னேன், கல்யாணமாகி வள்ளம் வைத்திருக்கிற ஆள். எனக்கு எப்போதும் பையன்தான். அவனுக்கு மோர்ஸ் தட்டக் கற்றுக்கொடுத்தது நான். லைசென்ஸ் வாங்க வைத்தது நான். என் பிள்ளைகள் யாரும் ரேடியோப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவன்தான் ஒரு நாள் விடாமல் வந்தான். ரேடியோவில் மரியாதை என்றால் என்ன என்று அவனுக்குத்தான் முழுசாகச் சொல்லிக் கொடுத்தேன். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசாதே. கன்ட்ரோல் ஸ்டாண்ட்பை என்றால் ஸ்டாண்ட்பை. கூப்பிடும்வரை பட்டனைத் தொடாதே. கன்ட்ரோல் என்பது மேஜையில் உட்கார்ந்து யார் எப்போது பேசலாம் என்று சொல்கிறவர். எங்கள் சங்கத்தில் அது நான்.

கம்பத்தைப் பற்றிச் சொன்னதும் அவன் தலையைச் சொறிந்தான்.

"ஞாயித்துக்கெழம நாங்க கடல்ல எறங்க மாட்டோம்லா அண்ணாச்சி."

"மீன் பிடிக்கவால போற? ஒரு பொருளக் கொண்டு வார. செத்தவருக்குச் செய்யிற காரியம்லே இது."

"கச்சான் காத்து வேற போட்டு அடிக்கி. நீளக் கம்பம் வள்ளத்துல நிக்காது."

"நல்லா இறுக்கிக் கட்டு. உனக்குத் தெரியாததா."

"நீங்க சொன்னாச் சரிதான்" என்றான். என் சொல்லை அவன் தட்டியதில்லை. நல்ல பையன் ஐயா. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

சனிக்கிழமை அவன் மணப்பாடு போய்ப் பூசை பார்த்தான். ஞாயிறு விடிந்ததும் கம்பத்தை இறக்கி வள்ளத்தில் கட்டிக்கொண்டு புறப்பட்டான். புறப்பட்டதும் போனில் சொன்னான். நான் அப்போது மண்டபத்தில் பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வந்த கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாகர்கோவில், தென்காசி, விருதுநகர், ராமநாதபுரம். மதுரையிலிருந்து ஒரு வேனே வந்தது. சுடலைக்கண்ணனுக்குப் பன்னீர் தீர்ந்துபோய் வெறும் தண்ணீரைத் தெளித்தான். எங்கள் மாவட்டத்தில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள், கிளாட்வினைத் தவிர, ஒருவர் பாக்கியில்லாமல் மண்டபத்தில் இருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்க ஒரு காதுகூட மிச்சமில்லை. அப்படி ஒரு சந்தையை இந்தக் கடற்கரை பார்த்ததில்லை.

எங்கள் சந்தையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. உள்ளே வருகிறவர்கள் கைச்செட்டை வாசலிலேயே அணைத்துவிட வேண்டும், செருப்பைக் கழற்றுகிற மாதிரி. இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஊளையிட்டுக் காதைக் கிழித்துவிடும். மேடையில் என் மேஜை மேலிருக்கும் செட் மட்டும் ஓடும். அதன் சத்தம் ஸ்பீக்கர் வழியாக மண்டபம் முழுக்கக் கேட்கும். வெளியிலிருந்து வருகிறவர்கள் வழி கேட்பதற்கு அது.

நிகழ்ச்சி நிரலில் ஏலத்துக்கு முன்னால் ஓர் அவசரகாலச் செயல்விளக்கம் இருந்தது. கடலில் மாட்டிக்கொண்ட படகுக்காரன்போல ஒருவர் வெளியிலிருந்து கூப்பிடுவார். கன்ட்ரோல் பதற்றமில்லாமல் பதில் சொல்வார். எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். பானுப்ரியா அம்மாள் இதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்.

அந்த நேரத்துக்குக் குரல் வந்தது.

"மேடே, மேடே, மேடே. கன்ட்ரோல், கிளாட்வின் பேசுதேன். பழையகாயலுக்கு நேரா வெளிய கெடக்கேன். எஞ்சின் நின்னுட்டு. கம்பம் சரிஞ்சு வள்ளத்துல தண்ணி ஏறுது. கச்சான் வெளிய தள்ளுது. போன் நனைஞ்சு போச்சு. ஆள் அனுப்புங்க அண்ணாச்சி. ஓவர்."

பின்வரிசையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். நான் மைக்கை எடுத்தேன்.

"கிளாட்வின், உங்கள் செய்தி தெளிவாகக் கிடைத்தது. உதவி புறப்பட்டுவிட்டது. பேட்டரியை மிச்சப்படுத்துங்கள். நான் கூப்பிடும்வரை பேச வேண்டாம். ஸ்டாண்ட்பை."

"ராஜர். ஸ்டாண்ட்பை. சீக்கிரம் வரச் சொல்லுங்க அண்ணாச்சி."

நான் கூட்டத்தைப் பார்த்து, "இதுதான் நம்முடைய செயல்விளக்கம்" என்றேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மதுரைக்காரர்களும் தட்டினார்கள். அதை நான் கவனித்தேன்.

அது செயல்விளக்கம் என்று யார்தான் நினைக்க மாட்டார்கள், சொல்லுங்கள். நிரலில் இருந்தது. நேரம் சரியாக இருந்தது. கேட்டவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். என்னையும் அதில் சேர்த்துக்கொண்டால் விஷயம் எவ்வளவோ எளிதாகிவிடும் என்று என் மகன் ஏற்பாடு செய்த வக்கீல் சொல்கிறார். எனக்குப் பொய் எழுத மனம் இல்லை. செயல்விளக்கத்தில் படகுக்காரனாகப் பேச வேண்டியவன் ஜோன்ஸ். பக்கத்தில் இருக்கிற நம்ம புதுக்கோட்டையில் தன் வீட்டு மாடியிலிருந்து பேசுவதாக ஏற்பாடு. காலையில் அவன் பேட்டரி வீங்கிப்போய்விட்டது. அதனால் புறப்பட்டு மண்டபத்துக்கே வந்துவிட்டான். குரல் வந்தபோது என் பக்கத்தில் நின்று உளுந்த வடை தின்றுகொண்டிருந்தான்.

"இது என்னது அண்ணாச்சி?" என்று வாயில் வடையோடு கேட்டான்.

"உனக்குப் பதிலா அவன்ட்ட சொல்லி வச்சிருந்தேம்லே" என்றேன்.

அவன் திருப்தியாகிச் சட்னி தேடிப் போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் சாப்பிடாமல் வந்தவன்.

உண்மையைச் சொன்னால் மண்டபத்தில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஹாம்களுக்கு அது ஒரு தர்மம். மேடே, அதாவது உயிருக்கு ஆபத்து என்று ஒரு குரல் வந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். ஒருவர் கடலோரக் காவல்படைக்குப் போன் போடுவார், ஒருவர் திரேஸ்புரத்துக்கு பைக்கை எடுப்பார், நாகர்கோவில்காரர் காரில் பழையகாயல் கரைக்கே போய் ஆண்டெனா நாட்டிவிடுவார். கால் மணி நேரத்தில் மண்டபம் காலி. ஏலம் இல்லை, பிரியாணி பாழ், பானுப்ரியா அம்மாள் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். போன வருஷம் படம் எடுத்தவர் இந்த வருஷமும் படம் எடுப்பார். ஏலம் முடியட்டும் என்று நினைத்தேன். வள்ளம் பைபர், கவிழ்ந்தாலும் மூழ்காது, பிடித்துக்கொண்டு மிதக்கலாம். அவனோ கடலிலேயே பிறந்த மாதிரி நீந்துகிறவன். மீன்காரன் பிள்ளைக்குத் தண்ணீரால் என்ன வந்துவிடப் போகிறது?

வேறு நாள் என்றால் அக்கம்பக்கத்து வள்ளக்காரர்கள் பார்த்திருப்பார்கள். ஞாயிறு என்பதால் கடலில் ஒரு படகும் இல்லை. அது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய்.

எமில்டா அன்றைக்கு மண்டபத்தில் டீயும் பஜ்ஜியும் போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியோடு மேடை ஏறி வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, அது அவுக சத்தம்லா?"

"அவன்தான். நடிக்கான் ஏளா. வள்ளம் அப்பவே கரை சேந்துட்டு. திரேஸ்புரத்துல நின்னு பேசுதான்."

"நெசமாவா? நடுங்குன மாதிரில்லா இருந்துச்சு."

"அப்படித்தான் பேசச் சொல்லிக் குடுத்தேன்."

அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "கொஞ்ச நேரத்துல உசிரே போயிட்டு. வரட்டும், வச்சுக்கிடுதேன் அவுகள" என்று சொல்லி, திரும்பிக் கீழே நின்றவர்களிடம் பெருமையாக, "எங்க வீட்டு ஆளுதான் பேசுனது" என்றாள். அதற்கும் சிலர் கைதட்டினார்கள். பிரியாணி வந்ததும் அவனுக்கு ஒரு பொட்டலம் எடுத்து, லெக் பீஸ் பார்த்துப் போட்டு, ஆறாமல் இருக்கத் துண்டில் சுற்றி வைத்தாள்.

பானுப்ரியா அம்மாள் மேடைக்கு வந்து, இவ்வளவு இயல்பான செயல்விளக்கத்தை எந்த மாவட்டத்திலும் பார்த்ததில்லை என்றார். அந்தப் பையனின் குரலில் இருந்த பயம் அப்படியே உண்மை மாதிரி இருந்தது என்றார். எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்தில் நான் சிரிப்பது இயல்பாக இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்குப் படத்தில் எப்போதும் அப்படித்தான் வரும்.

பிறகு ஏலம். கம்பத்தைக் கேட்டு எல்லாரும் பறந்தார்கள். "கம்பம் எங்கே?" என்றார் மதுரைக்காரர். கடலில் வந்துகொண்டிருக்கிறது என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. செல்போனில் இருந்த படத்தை வைத்தே ஏலம் விட்டேன். விருதுநகரும் மதுரையும் மல்லுக்கு நின்று, கடைசியில் நாற்காலிப் படம் போட்ட அதே மதுரைக்காரர் எடுத்தார். பிளாரன்ஸ் டீச்சருக்கு நல்ல தொகை. சாப்பாட்டுக்குப் பிறகு பானுப்ரியா அம்மாள் முடிவை மேடையிலேயே சொன்னார்: சந்தை தூத்துக்குடிக்கு. என்னைத் தோளில் தூக்காத குறைதான்.

நடுவில் சத்தத்தை ஏன் குறைத்தீர்கள் என்று கேட்டீர்கள். ஏலம் நடக்கும்போது ரேடியோ கரகரத்தால் கேட்கிற விலை காதில் விழாது. எந்தச் சந்தையிலும் அப்படிச் செய்வதுதான்.

எல்லாம் முடிந்ததும் உடனே போன் செய்திருக்கலாமே என்கிறீர்கள். செய்திருக்கலாம். ஆனால் மண்டபத்தைச் சுத்தமாக ஒப்படைக்காவிட்டால் முன்பணம் போய்விடும் ஐயா. அதோடு ஒவ்வொருவராக வந்து கை கொடுக்கும்போது பாதியில் விட்டுவிட்டுப் போக முடியுமா? வெளியூர்க்காரர்கள். கடைசி வேன் போன பிறகு செட்டின் சத்தத்தைக் கூட்டி, "கிளாட்வின், கன்ட்ரோல் பேசுகிறேன், இப்போது பேசலாம், ஓவர்" என்றேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். பிறகு கடலோரப் போலீஸுக்குப் போன் செய்து, இப்போதுதான் தகவல் கிடைத்தது என்று சொன்னேன். இப்போதுதான் என்று சொன்னது தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குள் எமில்டா பொட்டலத்தோடு திரேஸ்புரம் போயிருக்கிறாள். கரையில் வள்ளம் இல்லை. கரையில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டிருக்கிறாள். கிளாட்வின் இன்றைக்கு வரவே இல்லையே என்றிருக்கிறார்கள். அவள் அங்கேயே மணலில் உட்கார்ந்து போட்ட சத்தத்தில், ஞாயிறு என்றும் பார்க்காமல் வள்ளங்களை இறக்கிவிட்டார்கள். அவர்களுக்கும் அது தர்மம்தான். நான் போனபோது அவள் என்னைப் பார்த்தாள். பொட்டலம் மடியிலேயே இருந்தது.

மறுநாள் கண்டுபிடித்தார்கள். வள்ளம் கவிழ்ந்து மிதந்தது. கம்பம் அவிழவே இல்லை. இறுக்கிக் கட்டு என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா, அப்படிக் கட்டியிருந்தான். கிளாட்வினை அதற்கு வெகுதூரம் வடக்கே எடுத்தார்கள். கைச்செட்டைப் பாலித்தீன் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தான். பேட்டரி இன்னும் பாதி இருந்தது என்று உங்கள் ஏட்டு எழுதியிருக்கிறார். இதைத்தான் நான் எமில்டாவுக்குச் சொல்லப் பார்த்தேன். பதறிப்போய்த் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தால் பேட்டரி தீர்ந்திருக்காதா? கன்ட்ரோல் ஸ்டாண்ட்பை என்றார், அவன் ஸ்டாண்ட்பை ஆக இருந்தான். உதவி வருகிறது என்று நம்பி, அமைதியாக, குறுக்கே பேசாமல். அப்படி ஓர் ஒழுக்கம் இந்தச் சங்கத்தில் வேறு யாருக்கும் வராது. அவன் பேருக்கு ஒரு களங்கம் வரக் கூடாது என்றுதான் சொல்கிறேன். சாகும்போது அவன் யாரையும் கெஞ்சவில்லை. என் மகன்களைவிட அவனிடம் நான் அதிகம் பாசம் வைத்திருந்தேன்.

செய்தது நான்தான். அவனை ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு அனுப்பியது நான். அவன் கூப்பிட்டது உண்மை என்று தெரிந்தே நடிப்பு என்று சொன்னது நான். அவன் பெண்டாட்டியைச் சிரிக்க வைத்து பஜ்ஜிச் சட்டிக்குத் திருப்பி அனுப்பியதும் நான். இதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். சந்தையை மட்டும் இந்த ஊரிலிருந்து எடுத்துவிட வேண்டாம் என்று மாநிலக் குழுவுக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல முடிந்தால் நல்லது. அடுத்த ஆடிக்கு மண்டபம் சொல்லியாகிவிட்டது.

இன்னும் ஒன்று பாக்கி. ஜோன்ஸ் உங்களிடம் சொன்னதைக் காலையில் கேட்டீர்கள். அதற்கு நான் பதில் எழுதாமலே பக்கத்தை நிரப்பிக்கொண்டு போகிறேன் என்று நினைப்பீர்கள். அவன் சொன்னது சரிதான். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டாலும், வெளியிலிருந்து யாராவது பேசினால் எங்கள் செட்டில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். பேசி முடித்தால் அணைந்துவிடும். ஆனால் ஐயா, மேடையில் ஒரே வெக்கை. பொன்னாடையைக் கழற்றி அந்த செட்டின்மேல் போட்டிருந்தேன். அதனால் விளக்கு எரிந்ததா, எத்தனை தடவை எரிந்தது என்றெல்லாம் எனக்குத் தெரிய வழியில்லை. தெரியாததை எழுதக் கூடாது. ஒரு தடவைதான் கூப்பிட்டான் என்றே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

பொன்னாடையை நாலாக மடித்துத்தான் போட்டிருந்தேன். முதலில் விரித்துப் போட்டேன். துணி மெல்லிசு, பச்சை தெரிந்துகொண்டே இருந்தது.